அண்ணி பெயரில் ஒரு பார்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அண்ணி அதைச் சொன்னார். "நம்ம ஓட்டலுக்கு பார் லைசென்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன். ஓட்டல் என் பேர்ல இருக்கறதால லைசென்ஸும் என் பேர்லதான் வரும்." ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பெரியப்பாதான் முதலில் வாய் திறந்தார். "பொம்பள பேர்ல பிராந்திக் கடையா? நாம ஆம்பூர்ல தல காட்ட வாணாமா?" அண்ணி அவருக்கு மறுசோறு போட்டார். அண்ணியின் பிடிவாதம் சத்தம் போடாது. ஆனால் அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நடக்கப்போகிறது என்று.

நெடுஞ்சாலையோரம் அப்பா கட்டிய ஓட்டல் அது. அண்ணன் கையில் கொடுத்தால் சிநேகிதர்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டே கரைத்துவிடுவான் என்று பயந்து, காவேரிப்பாக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த மருமகளின் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போனார். நான் அங்கே ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். ஷூ கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் பகலெல்லாம் தோலைத் தடவிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் களைத்துப்போய் வருவார்கள். பார் இருக்கிறதா என்று என்னிடம் கேட்பார்கள். இல்லை என்றதும் புன்னகையோடு நன்றி சொல்வார்கள்; கார் பெங்களூரு பக்கம் திரும்பிவிடும். அறைகள் பூட்டியே கிடந்தன. சமையல்காரர் ஒருவர் போனார், பிறகு இன்னொருவர். மிச்சமிருந்தவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அண்ணி அந்த முடிவுக்கு வந்தார்.

விண்ணப்பம் போட்டால் மட்டும் உரிமம் வந்துவிடாது. அறைகளைப் புதுப்பித்து, ஓட்டலுக்கு நட்சத்திரத் தகுதி வாங்க வேண்டியிருந்தது. கலெக்டர் ஆபீசுக்கு அண்ணி நடையாக நடந்தார். எல்லாம் கூடி வரும் நேரத்தில், எங்கள் பின் தெருப் பெண்கள் கூட்டமாக வந்து வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். எல்லோரும் அவரை சூப்பர்வைசர் அக்கா என்பார்கள்.

"அந்த முக்குல ஒரு ஒயின் ஷாப் இருக்கு. ஷிஃப்டு முடிச்சு வர்ற எங்க பொண்ணுங்க அதத் தாண்டறதுக்குள்ள உசுரு போய் வருது. இங்க இன்னொன்னு தொறக்கறீங்களா? நீங்களும் ஒரு பொம்பளதானே?"

அண்ணன் சத்தம் போட வாயெடுத்தான். அண்ணி அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டைனிங் ஹாலிலிருந்து நாற்காலிகளைக் கொண்டுவரச் சொன்னார். "அங்க இன்னா இன்னா நடக்குது, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டார். ரோட்டில் உட்கார்ந்து குடிப்பது, பாட்டிலை உடைப்பது, பெண்களின் பின்னாலேயே நடந்து வருவது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அண்ணியின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. தான் கேட்டிருந்த உரிமத்தின் மறுபக்கத்தை அன்றுதான் அவர் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். பாருக்கென்று தெருப்பக்கம் வைத்திருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். "வாசல அடைச்சிட்டா எவன் வருவான்?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசர் அக்கா வீட்டுக்குப் போனார். "பாருக்குப் போறவங்க ரிசப்ஷன் வழியாத்தான் போகணும். ஒரு பாட்டில் வெளிய போகாது. போதையில இருக்கறவனுக்கு ஒரு சொட்டு கெடையாது, அது யாரா இருந்தாலும்" என்றார்.

அக்கா அசரவில்லை. "சொல்றவங்க எல்லாரும் இப்டித்தான் சொல்றாங்கம்மா. பாக்கலாம்."

விசாரணைக்கு வந்த மதுவிலக்கு ஆயத்தீர்வை அதிகாரியிடமும் அக்கா அதையேதான் சொன்னார். "வாசல அடைச்சிருக்காங்க சார், அது நெஜம். ஒரு வருஷம் பாக்கறோம். தப்பு நடந்தா உங்க ஆபீசுக்கே வந்து ஒக்காருவோம்." அதன் பிறகு சென்னையிலிருந்து உரிமம் வந்தது. அண்ணி அதை சாமி படத்தின் முன் வைக்கவில்லை. நேராக பார் சுவரில் மாட்டினார்.

திறந்த முதல் சாயங்காலம் மேசைகள் நிறைந்திருந்தன. வெள்ளைக்காரர்கள், கம்பெனி மேனேஜர்கள், சென்னையிலிருந்து வந்த ஏஜென்டுகள். அப்போது அண்ணன் சிநேகிதர்களோடு உள்ளே வந்தான். எங்கேயோ குடித்துவிட்டு வந்திருந்தான், நடையே சொன்னது. நடுமேசையில் உட்கார்ந்து கையைத் தட்டினான். பரிமாறுகிற பையன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே அந்த மேசைக்குப் போனார்.

"போதும்ங்க. வீட்டுக்குப் போங்க. சோறு எடுத்து வச்சிருக்கு."

"என் ஓட்டல்ல எனக்கே இல்லியா?"

"ஓட்டல் உங்கப்பா கட்டுனது. லைசென்ஸு என் பேர்ல இருக்கு. நாளைக்குத் தெளிவா வாங்க, நானே ஊத்தித் தர்றேன்."

அண்ணன் சிவந்த முகத்தோடு எழுந்தான். மேசையைத் தள்ளிவிடப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சிநேகிதர்களிடம், "வாங்கடா, ஓனரம்மா சொல்லியாச்சு" என்றான். சிரிக்க முயன்றான்; பாதிதான் வந்தது. ஆனால் போய்விட்டான். அண்ணி திரும்பி வந்து என் பக்கத்தில் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டார். நான் என் கையை அதன்மேல் வைத்தேன். காலையில் அண்ணன் யாரும் கூப்பிடாமலே வந்து கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தான். இன்றைக்கும் அதை அவன்தான் பார்க்கிறான்.

இப்போது எங்களிடம் அறை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விட்டுப்போன சமையல்காரர்களில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பெரியப்பாகூடத் தன் சம்பந்தி வீட்டாரை எங்கள் ஓட்டலில்தான் தங்கவைக்கிறார்.

ஒரு வருடம் கழித்து உரிமத்தைப் புதுப்பிக்கும் சமயத்தில் அதே அதிகாரி வந்தார். பின் தெருவுக்குப் போய் ஏதாவது புகார் இருக்கிறதா என்று விசாரித்தார். அண்ணி ரிசப்ஷனில் என் பக்கத்திலேயே நின்றார், உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதிகாரியோடு சூப்பர்வைசர் அக்காவும் கம்பெனி யூனிஃபார்மோடு உள்ளே வந்தார். எங்களைப் பார்க்காமல் அதிகாரியிடமே சொன்னார்:

"இந்த பார் இருக்கட்டும் சார். முக்குல இருக்கற ஒயின் ஷாப்ப மூடுங்க. மூட முடியாதுன்னா, அதையும் இந்தம்மா பேருக்கே மாத்திக் குடுத்துடுங்க."