முதுகு வெட்டிய ஆறு புத்தகங்கள்

கட்டை விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, யாரோ ஒரு மாணவனின் ஆய்வேட்டைத் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தார் ஸ்பைரல் அண்ணன். பக்க எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் பைண்டிங் மிஷினில் வைக்க மாட்டார். "பக்கம் மாறிப்போச்சுன்னா எனக்குச் சோறு எறங்காதுங்க" என்பார். ஜெராக்ஸ் கடைக்காரர்தான், ஆனால் கையில் கிடைத்ததற்கெல்லாம் கம்பிச் சுருள் போட்டுவிடுவார். வீட்டு மின்கட்டண ரசீதுகள்கூடத் தப்பவில்லை.

மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போனில் "சாப்டியா"வுக்கு மேல் பேச்சு நகர்வதில்லை என்று அவருக்கு மனக்குறை. அவள் உயிராகச் சேர்த்து வைத்திருந்த படக்கதைப் புத்தகங்களைப் படித்தால் பேச ஏதாவது கிடைக்குமே என்று எடுத்தார். நான்கு பள்ளித் தோழர்கள் ஒரு பழைய லிஃப்டில் ஏறி வேறு வேறு பழைய காலத்துக்குப் போய்வரும் கதை. ஆறு பாகம். ஒரு பக்கத்தின் முனை மடங்கினாலும் அவள் பொறுக்க மாட்டாள்.

நேற்று, நகல் எடுக்கக் கொடுக்கப் போன என்னிடம் அவற்றை நீட்டினார். ஆறு புத்தகத்தின் முதுகையும் வெட்டி, தாள்களைப் பிரித்து, மேலே அச்சிட்டிருந்த வருஷப்படி அடுக்கி, ஒரே தடிப் புத்தகமாகச் சுருள் போட்டிருந்தார். ஒரு தாளின் பின்பக்கம் வேறு வருஷமாக இருந்தால் அதை மட்டும் கலர் ஜெராக்ஸ் எடுத்து உரிய இடத்தில் செருகியிருந்தார்.

"அச்சகத்துல கலைச்சுப் போட்டுட்டாங்க. சரி பண்ணிட்டேன்."

இந்த மாதிரிக் கதை அப்படித்தான் முன்னும் பின்னும் தாவும் என்று எடுத்துச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வேணும்னே கலைச்சதா? நாளைக்கு வர்றாளே அவ."

மெல்லிய குரலில், "ஆனா ஒண்ணு பாருங்க" என்று புரட்டினார். இரண்டாம் பாகத்தில் அந்த நால்வரில் ஒரு பெண்ணைப் பழைய காலத்திலேயே விட்டுவிட்டு லிஃப்ட் கிளம்பிவிடுகிறது. செத்துவிட்டாள் என்று நண்பர்கள் அழுகிறார்கள். அண்ணன் அடுக்கிய வரிசையில், அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு வருஷத்திலும் ஏதோ ஒரு மூலையில் ஒரு பெண் நிற்கிறாள். பஸ் வரிசையில், ஜன்னலில், கடை வாசலில். அதே கோணல் வகிடு, அதே கன்னத்து மச்சம். பக்கத்துக்குப் பக்கம் வயதாகிறது. கடைசி வருஷத்தில் முதலில் வந்தது முதல் பாகத்தின் முதல் பக்கம்: நான்கு பிள்ளைகளும் லிஃப்டுக்கு ஓடுகிறார்கள், அதன் பக்கத்தில் ஒரு கிழவி உட்கார்ந்து அவர்களையே பார்க்கிறாள்.

நான் குனிந்து பார்த்தேன்; கிழவியின் கன்னத்திலும் அந்த மச்சம்.

"மத்தவங்க லிஃப்டுல வந்துட்டாங்க," என்றார் அண்ணன். "இவ நடந்தே வந்திருக்கா."

இன்று என் பிரதிகளை வாங்கும் சாக்கில் நானும் போய் நின்றேன். பொய் சொல்வானேன், வேடிக்கை பார்க்கத்தான். மகள் தோள் பையோடு நேராகக் கடைக்கே வந்தாள். கையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஏழாம் பாகம். மேஜையில் இருந்த தடிப் புத்தகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

அண்ணன், அந்தப் பெண் நிற்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி விரல் வைத்துக் காட்டினார். மகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு குனிந்தாள். எத்தனையோ தடவை படித்தவள், அவள் கண்ணில் இது பட்டதே இல்லை. கிழவி வந்ததும் அப்படியே ஸ்டூலில் சரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். நகல் எடுக்க வந்தவர்கள் எங்களை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

பிறகு எழுந்தாள். ஏழாம் பாகத்தின் உறையைக் கிழித்தாள். முதல் பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் வெட்டும் மிஷினின் தட்டில் வைத்து, அப்பாவின் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்தாள்.