பிளஸ் டூ வீட்டில் டிவி ஓடாது

சீரியல் பார்ப்பேன் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ‘சும்மா, அம்மா பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்’ என்று ஒரு சமாதானமும் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். கல்லூரியில் என்னுடன் படிப்பவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அம்மாவுக்குத் துணையாக ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எனக்காகத்தான் உட்கார்ந்தேன். விளம்பரம் ஓடும்போதுகூட எழுந்து போகமாட்டேன். திரும்பி வருவதற்குள் கதை தொடங்கிவிட்டால் என்ன செய்வது?

ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னால் சுற்றி நிற்கிறவர்கள் முகத்தையெல்லாம் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள் என்று கேலி செய்கிறார்கள். காட்டட்டுமே. எங்கள் வீட்டில் அத்தை வந்து ஏடாகூடமாக ஒன்று சொன்னால் நாங்களும் அப்படித்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அம்மா அப்பாவைப் பார்ப்பாள், அப்பா என்னைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன். அந்த நேரத்தில் பின்னணி இசை மட்டும்தான் குறைச்சல். ஒரு மருமகள் அடுப்படியில் என்ன நினைக்கிறாள் என்பதை வேலை மெனக்கெட்டு அரை மணி நேரம் காட்டுகிற இடம் வேறு எங்கே இருக்கிறது? சொல்லுங்கள், நானும் போய்ப் பார்க்கிறேன்.

நாங்கள் முத்தையாபுரத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு ஹார்பர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பிள்ளை பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டால் கேபிளை வெட்டிவிடுவார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை அந்த வீட்டில் டிவி ஓடாது. சாயங்காலம் தெருவில் நடந்தால் எந்தெந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள், “உங்க வீட்லயும் வெட்டியாச்சா?” என்று சாவு வீட்டில் துஷ்டி கேட்கிற குரலில் விசாரித்துக்கொள்வார்கள்.

என் முறை வந்தபோது அப்பா கேபிள்காரருக்கு போன் போட்டார். அவர் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். அம்மாவின் போனில் நெட் போடுவதும் அன்றோடு நின்றது. “ரெண்டே வருஷம். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவோம்,” என்றார் அப்பா. அப்போது அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் மூத்த மருமகள் செய்த நகைத் திருட்டின் பழி சின்னவள் தலையில் விழுந்திருந்தது. அந்தச் சின்னவளை வாசலில் நிற்க வைத்துவிட்டு டிவியை நிறுத்தினோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “நான் கேக்கலயே, டிவி ஓடுனாலும் நான் படிப்பேன்,” என்றேன். “எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும்,” என்று அப்பா முடித்துவிட்டார். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கொஞ்ச நாளில் அடுப்படியில் ஒரு அதிசயம் நடந்தது. அஞ்சறைப்பெட்டி நிரம்பி வழிந்தது. பெருங்காயம், கடுகு, சீரகம், மறுபடியும் பெருங்காயம் என்று சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக அலமாரியில் சேர்ந்துகொண்டே போயின. அம்மா தினமும் விளக்கேற்றியதும் கடைக்குக் கிளம்பினாள். “கடுகு இல்ல, வாங்கிட்டு வாரேன்.” ஒரு பாக்கெட் கடுகு வாங்க அரை மணி நேரம் ஆகிற கடை இந்த ஊரில் எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடை ஒன்றுதான். சாயங்காலம் அங்கே கல்லாவில் அண்ணாச்சியின் மனைவி இருப்பார். கல்லாவுக்கு மேலே டிவி இருக்கும். வாசலில் பிளஸ் டூ பிள்ளைகளின் அம்மாக்கள் ஆளுக்கொரு பாக்கெட்டோடு நிற்பார்கள்.

நான் இதைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். மூத்தவள் ஜெயித்த நாளில் தோசைக்கல் ‘ணங்’கென்று அடுப்பில் விழும். சின்னவளுக்கு நல்லது நடந்த நாளில் எனக்கு முறுகலாக ஒரு தோசை கூடக் கிடைக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“என்னம்மா, மூத்தவ மாட்டிக்கிட்டாளா?”

“எந்த மூத்தவ?” என்று அம்மா தோசையைத் திருப்பினாள். பிறகு அவளாலும் முடியவில்லை. “எங்க மாட்டுனா! மாமியார்காரி முன்னாடி என்னா நடிப்பு நடிக்கா தெரியுமா, சவம்!”

அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படியில் சீரியல் ஓட ஆரம்பித்தது. அப்பா யார்டிலிருந்து வருவதற்குள் அம்மா அன்றைய கதையைச் சொல்லி முடித்துவிடுவாள். மாமியாருக்கு ஒரு குரல், சின்னவளுக்கு ஒரு குரல். கரண்டிதான் நகைப்பெட்டி. நான் தட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை சின்னவள் புருஷனிடம் சொன்னதாக அம்மா ஒன்றைச் சொன்னாள். “நீங்க என்ன நம்பவேண்டாம். ஆனா நம்பாத மாதிரி இந்தத் தோசையச் சாப்பிடாதீங்க.” எனக்குப் புல்லரித்துவிட்டது.

“அவ அப்படியாம்மா சொன்னா?”

“எங்க! அவ அழுதுக்கிட்டுல்ல நின்னா. அப்படிச் சொல்லியிருக்கணும்.”

அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு ஆசை வந்தது. ‘அப்படிச் சொல்லியிருக்கணும்’ என்று நினைக்கிறவர்கள் கடை வாசலில் நிற்கிறார்கள். எழுதுகிற இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அந்த இடத்தில் போய் உட்கார வேண்டும். சினிமா எடுக்க வேண்டும் என்று இல்லை, நாவல் எழுத வேண்டும் என்றும் இல்லை. சீரியல் எழுத வேண்டும். தினமும் சாயங்காலம் வருகிற சீரியல். அதற்கு விஸ்காம் படிக்க வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் சொன்னபோது, “மொதல்ல பரீட்சைய எழுது,” என்று மட்டும் சொன்னாள். நன்றாகவே எழுதினேன். கதை கேட்டுக்கொண்டே படித்த பிள்ளைக்கு வகுப்பிலேயே நல்ல மார்க்கு வந்தது. இதையும் குரலைத் தாழ்த்தாமல்தான் சொல்கிறேன்.

ரிசல்ட் வந்த வாரத்தில் திருச்செந்தூரிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கு ஒரே அக்கா. அப்பா ஏற்கெனவே தனக்குத் தெரிந்த ஒரு ஷிப்பிங் ஆபீஸ் மேனேஜரிடம் பேசி வைத்திருந்தார். பி.காம் முடித்து, லாஜிஸ்டிக்ஸில் ஒரு டிப்ளமோவும் போட்டுவிட்டால் ஊரிலேயே வேலை. எங்கள் ஊரில் இது நல்ல வழிதான், நான் குறை சொல்லவில்லை. எனக்கு முன்னால் படித்தவர்கள் அதில் போய் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அது என் வழி இல்லை.

“விஸ்காம் படிக்கேன்ப்பா. பாளையங்கோட்டைல இருக்கு. தினமும் போயிட்டு வந்துருவேன்.”

“அதப் படிச்சு?”

“சீரியல் எழுதுவேன்.”

அப்பா சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார் போல. நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. அத்தைதான் முதலில் ஆரம்பித்தாள்.

“ஏளா, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? நீ படிக்கணும்னு ரெண்டு வருஷமா உங்கம்மா டிவி பக்கமே திரும்பலயே. பொம்பளைக்கு இருக்க ஒரே பொழுதுபோக்கு அது. அதையே உனக்காக விட்டாளே! அவளுக்கு நீ செய்யுத கைம்மாறா இது?”

“அதத்தான்க்கா நானும் சொல்லுதேன்,” என்றார் அப்பா. “அவ அம்மா விட்டதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?”

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அலமாரியைத் திறந்து காட்டினால் போதும். ஆனால் சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்தத் தெருவில் நல்ல பெயர் இருந்தது. பிள்ளைக்காக எல்லாவற்றையும் விட்டவள் என்று நாத்தனார் வாயாலேயே பாராட்டு வாங்குவது லேசான காரியமா? அதை என் கையால் பறிக்க மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் பி.காம். வாயைத் திறந்தால் அம்மாவின் மானம்.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“நான் ஒண்ணும் விடல,” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

“நான் பார்த்தேன் மதினி. அண்ணாச்சி கடைல நின்னு தினமும் பார்த்தேன். இவகிட்டயும் வந்து சொன்னேன். கதை கேட்டுக்கிட்டேதான் இவ இந்த மார்க் எடுத்துருக்கா. தியாகம் கீகம்னு என் பேரச் சொல்லி இவ தலைல எதையும் கட்டாதீங்க. எனக்கு அவ ஒண்ணும் கைம்மாறு செய்யவேண்டாம்.”

அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள். அம்மா தலையைக் குனியவில்லை. தன் நல்ல பெயரைத் தானே கழற்றி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த நிமிடம் அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தை எந்தச் சீரியலிலும் யாரும் சரியாகக் காட்டியதில்லை.

நான் எதிர்பாராதது அதற்குப் பிறகுதான் வந்தது. அப்பா கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் உள்ளே போயிருந்தது.

“அப்ப நான் மட்டுந்தானா?” என்றார்.

அப்பாவுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். கேபிளை வெட்டியதில் அவருக்கும் நஷ்டம் என்று நானோ அம்மாவோ ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை. யார்டில் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருந்தோம்.

“கான்டீன்ல மேட்ச் ஓடும். எல்லாவனும் டீய வச்சுக்கிட்டு உக்காந்துருப்பான். நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். வீட்ல பிள்ளையும் பொஞ்சாதியும் பார்க்காம இருக்கும்போது நான் மட்டும் என்ன மேட்ச் பார்க்கதுன்னு. கன்டெய்னர் நிழல்ல போயி நிப்பேன். ஸ்கோர்கூடக் கேக்கமாட்டேன்.”

அம்மா அழுதுவிட்டாள். அந்த நிமிடத்தில், ‘சரிப்பா, பி.காம் சேர்றேன்’ என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சேர்ந்து அழுது முடித்திருப்போம். நான் பார்த்த சீரியல்களில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவும் நானும் டிவியைப் பார்த்து, “சொல்லாத, சொல்லாத” என்று கத்தியிருக்கிறோம்.

நான் சொல்லவில்லை.

“நீங்க விட்டது நிஜம்ப்பா. எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் விடச் சொல்லல. அதுக்குப் பதிலா என் படிப்பக் கேக்காதீங்க.”

அப்படிப் பேசலாமா என்று இன்றுவரை அத்தை கேட்கிறாள். பேசலாம். பிள்ளைகள் கேட்காததையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு ஒருநாள் மொத்தமாக வந்து கேட்கிற வீடுகள் எங்கள் தெருவில் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகள் பிடிக்காத படிப்பைப் படித்துக்கொண்டு, அதைப் பாசம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறார்கள். நான் அப்பாவிடம் பாசத்தோடுதான் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் சொல்லாமலேயே போயிருப்பேன்.

அப்பா அதற்குப் பிறகு என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தடுக்கவும் இல்லை. கல்லூரியில் சேர்க்கிற நாளன்று கூட வந்தார். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாகைக்குளத்தில் அவருடன் யார்டில் வேலை பார்த்த ஒருவர் ஏறினார்.

“என்ன அண்ணாச்சி, பிள்ளை எங்க சேருது?”

அதுவரை யார் கேட்டாலும் அப்பா, “மீடியா சைடு” என்று மென்று விழுங்குவார். கேட்டவர்கள் ஏதோ கம்ப்யூட்டர் படிப்பு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அன்று அந்த ‘மீடியா சைடு’ வெளியே வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“சீரியல் எழுதப் படிக்கப் போறேன் மாமா.”

அவர் சத்தமாகச் சிரித்தார். “அட, சீரியலா! அதையெல்லாம் யார் பார்க்கா?”

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரிடம் திரும்பினார்.

“இவ அம்மா பார்ப்பா,” என்றார். “தெருவே பார்க்கும். நான் பார்க்க மாட்டேன்.”

அந்த மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வலிக்கவும் செய்தது, அதை மறைக்கவில்லை. அப்பா வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, முறைத்துக்கொண்டு சொன்னார். என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அத்தை இனிமேல் அம்மாவைக் கேட்கவேண்டியதில்லை.

இப்போது இரண்டாம் வருஷம். நான் எழுதியது எதுவும் இன்னும் டிவியில் வரவில்லை. வகுப்பில் உலக சினிமா பேசுகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஒருநாள் வரும். வந்தால் அப்பா பார்க்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். விடச் சொல்லி நான் அவரைக் கேட்டதில்லை. பார்க்கச் சொல்லியும் கேட்கமாட்டேன்.