ஊசி ஆன்ட்டி

என் மனைவி குழந்தைகள் வார்டில் நர்ஸ். நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். எங்கள் இருவரில் யார் வேலை பார்க்கிறார் என்று சொல்லத் தேவையில்லை.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்துக் கோவில்பத்து வீட்டுக்கு வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றாமலே சோபாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். கைக்குழந்தைக்கு ஊசி குத்த நரம்பு அவ்வளவு எளிதில் கிடைக்காது. கிடைக்கும்வரை குழந்தை அலறும், அம்மா அழுவாள், அப்பா "உங்களுக்கு வேலை தெரியுமா சிஸ்டர்?" என்பார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலில் இன்னொன்றுக்குக் காய்ச்சல் ஏறும். நான் நிறையப் படித்தவன், மன அழுத்தம் பற்றியும் படித்திருந்தேன். ஆழமாக மூச்சு விடச் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது: "விட்டுக்கிட்டுதாங்க இருக்கேன்."

வார்டிலாவது சம்பளம் உண்டு. தெருவில் அவளை இலவசமாகவே பூச்சாண்டி ஆக்கியிருந்தார்கள். சாப்பிடாத பிள்ளை, தூங்காத பிள்ளை, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: "இரு, ஊசி ஆன்ட்டிய கூப்புடுறேன்." ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கிரிக்கெட் நின்றுவிடும், பந்து மட்டும் உருண்டுகொண்டிருக்கும். கடலை மிட்டாய் வாங்கி வந்து நீட்டுவாள். மருந்து தடவியிருக்கும் என்ற சந்தேகத்தில் யாரும் தொடமாட்டார்கள். அத்தனையையும் நான்தான் தின்று தீர்த்தேன். என் இடுப்புச் சுற்றளவு அதற்குச் சாட்சி.

ஒரு சனிக்கிழமை, தோசை ஊற்றிக்கொண்டே, ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றல் கேட்கப்போவதாகச் சொன்னாள். திங்கட்கிழமை தலைமை நர்ஸிடம் பேசப்போகிறாளாம்.

"அங்க எல்லாரும் மயக்கத்துல இருப்பாங்க. என்னைப் பாத்து யாரும் அழ மாட்டாங்க."

அந்த வார்டைக் கேட்டு வாங்கியவள் அவள். முன்பெல்லாம் காய்ச்சல் விட்டு எந்தப் பிள்ளை இட்லி கேட்டது என்று தேர்தல் முடிவு மாதிரி வீட்டில் அறிவிப்பாள். அந்த அறிவிப்பு நின்று நாளாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று பார்த்தேன். தொழில்முறையில் எனக்கு வரவேண்டிய விஷயம், வரவில்லை. இன்னொரு தோசை கேட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி. சாயங்காலம் அவள் திரும்பும்போது நான் கேட்டைத் திறந்து பிடித்திருந்தேன். எதிர்வீட்டுப் பெண் தன் வாசலில் நின்று மகளுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"முழுங்கலன்னா ஆன்ட்டி ஊசி போட்டுருவாங்க. இந்தா வந்துட்டாங்க பாரு."

குழந்தை மெல்லாமலே விழுங்கியது.

வழக்கமாக என் மனைவி பேசாமல் உள்ளே போய்விடுவாள். அன்று ஸ்கூட்டரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, நேராகப் போய்க் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"சாப்பிடாதவங்களுக்கு நான் ஊசி போட மாட்டேன் பாப்பா. பொய் சொல்றவங்களுக்குத்தான்."

குழந்தை யோசித்தது. பிறகு தன் அம்மாவைப் பார்த்தது.

"அம்மா நேத்து ஐஸ்கிரீம் கடை பூட்டியிருக்குன்னு சொன்னுச்சு. பூட்டல."

என் மனைவி அந்த அம்மாவின் கையை வாங்கி, முழங்கை மடிப்பைத் தட்டிப் பார்த்து, வார்டு முகத்தோடு சொன்னாள்: "நல்ல நரம்பு. ஒரே குத்துல ஆயிரும்." அவள் "அய்யோ அக்கா" என்று கையை இழுத்துக்கொண்ட வேகத்தில் ரசம் சிந்தியது. குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

திங்கட்கிழமை சாயங்காலமே எங்கள் கேட்டில் பிள்ளைகள் புகாரோடு நின்றார்கள். ஒருத்தனின் அப்பா வீட்டில் படுத்துக்கொண்டே ஃபோனில் "நாகூர் தாண்டிட்டேன்" என்கிறாராம். என் மனைவி ஒவ்வொன்றையும் நீதிபதி மாதிரி கேட்டு, ஆவன செய்வதாகச் சொல்லி அனுப்பினாள்.

உள்ளே வந்ததும், தலைமை நர்ஸிடம் பேசியாகிவிட்டதா என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்க பேசுறது? போலகத்துலேருந்து ஒரு பையன். அழுதா ஊசின்னு அவங்கப்பா மிரட்டிக்கிட்டே இருந்தாரு. மொதல்ல நீங்க உக்காருங்க, கைய நீட்டுங்கன்னேன். அவரு மூஞ்சி போன போக்கப் பாத்துப் பையன் சிரிச்சுட்டான். அந்த நேரம் பாத்து நரம்பு கெடச்சுட்டுது."

"அப்ப தியேட்டர்?"

"மயக்கத்துல இருக்குறவங்கள கைய நீட்டச் சொன்னா யாருக்குங்க காதுல விழும்?" என்றபடி பால் காய்ச்சப் போனாள்.