மாமாவுக்குச் சீவிய வில்

வாசலில் தச்சர் கதவை இழைக்கும் சத்தம், அப்பா வில் சீவிய சத்தத்தை நினைவுபடுத்துகிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சித்தேரி மலையில், காய்ச்சலில் கிடந்து எழுந்த மாமாவுக்காக அப்பா மரவில் செய்துகொண்டிருந்தார். சீவச் சீவ வில் மெலிந்தது.

“ஒடிஞ்சிரப் போவுதுங்க,” என்றாள் அம்மா.

“உங்கண்ணன் கையில பலம் ஏது? நாலு பேரு முன்னால இழுக்க முடியலைன்னா மானம் போயிருமே.”

மாமா வந்தார். எல்லோரும் பார்க்க, காதுவரை நாணை இழுத்துவிட்டார்.

“கை தேறிடுச்சு மாப்ள! இனிமே பன்னிக் காவலுக்கு நானே போறேன்!”

சிரித்தபடி தினைக்காட்டுக்குக் கிளம்பினார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அந்த வில்லிலிருந்து போகும் அம்பு பன்றித் தோலைக்கூடத் துளைக்காது.

அப்பா ஈட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்னாலேயே போனார். அறுவடை முடியும்வரை அப்படித்தான் போனார்.

“போதுங்க,” என்கிறேன் தச்சரிடம். “ரொம்பச் சீவிராதீங்க.”