பரோட்டா யார் வேணா போடலாம்

நேற்றும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். சேர்ந்து ஜெராக்ஸ் கடை வைத்தவர்கள். இப்போது ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். புதுக்கோட்டையில் வக்கீல் என்று போர்டு மாட்டியிருக்கிறேனே தவிர, முக்கால்வாசி நாள் எனக்கு இந்தப் பார்ட்னர் பஞ்சாயத்துதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் ஒரு கேள்வியை மட்டும் நான் விடுவதில்லை. அவர் அப்படிச் சொன்னதை நீங்களே கேட்டீர்களா, இல்லை யாராவது வந்து சொன்னார்களா? இது சட்டக் கல்லூரியில் படித்த பாடம் இல்லை. பத்து வயதில் ஒரு பரோட்டா கடையில் படித்தது.

சித்தன்னவாசலுக்குத் திரும்புகிற முக்கில் அத்தாவும் மாமாவும் அந்தக் கடையை நடத்தினார்கள். அத்தா பரோட்டா, மாமா சால்னா. அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா, மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன். குகையில் படம் பார்க்க வருகிறவர்கள் படத்தை மறந்தாலும் நம் கடையை மறக்க மாட்டார்கள் என்று மாமா பீற்றிக்கொள்வார். அது கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் இரண்டு வீட்டு அடுப்பும் அந்தக் கடையை நம்பித்தான் எரிந்தது.

அந்த வருஷம் அத்தாவுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க மாவை வீசி அடிக்கிற கை. வீட்டில் சட்டையைக் கழற்றவே அம்மா வர வேண்டியிருந்தது. தைலம் தேய்ப்பது என் வேலை. தேய்க்கும்போதெல்லாம், "மாமாட்ட மூச்சு விட்டுறாத" என்பார். கை போன மாஸ்டர் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதாம், அப்படி ஒரு வீம்பு. நானும் மூச்சு விடவில்லை, மூன்று நாள். நாலாம் நாள் மாமா ஒரு முட்டை போண்டாவைக் கையில் கொடுத்து, என்னம்மா இது தைல வாடை என்றார். போண்டா வாயில் இருக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மாமா அண்டாவைக் கிண்டிக்கொண்டே யோசித்தார். உங்களுக்குக் கை முடியவில்லை என்று மச்சான் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வார்? தங்கையைக் கட்டிக்கொடுத்த இடமாயிற்றே. அதனால் என்னிடமே சொல்லி அனுப்பினார்.

"அத்தாட்ட சொல்லும்மா, தோளைக் கெடுத்துக்க வேணாம்னு. கல்லாவுல ஒக்காந்து மேற்பார்வை பாக்கட்டும். பரோட்டா யார் வேணா போடலாம், ஒரு ஆளப் போட்டுக்குவோம்."

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தோள் என்று வாயைத் திறந்தால், அது மாமாவுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். தோளை விட்டுவிட்டேன். தோளே இல்லாதபோது கல்லாவும் ஆளும் எதற்கு? அவற்றையும் விட்டேன். மிச்சம் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"பரோட்டா யார் வேணா போடலாமாம்த்தா. மாமா சொன்னாங்க."

அத்தா தைலப் புட்டியை மூடி வைக்கச் சொன்னார்.

மறுநாளிலிருந்து கடையில் அத்தா மாமாவிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லதுக்குச் சொல்லி அனுப்பியதற்கு இதுதான் மரியாதையா என்று மாமாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டம் பரோட்டாவுக்கு வருகிறதா சால்னாவுக்கு வருகிறதா என்று, சாப்பிட வந்தவர்களிடம் ஓட்டுக் கேட்காத குறை. அம்மா இரண்டு பக்கமும் அழுது பார்த்து ஓய்ந்துபோனாள்.

கடைசியில் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் குளத்தூரிலிருந்து பைக்கில் வந்து பேசினார். மூன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் ஒரு நாள் செய்யுங்கள், அருமை தெரியும் என்றார். செய்தார்கள். மாமாவின் பரோட்டா ஓடு மாதிரி வந்தது. அத்தாவின் சால்னாவில் தண்ணீர் தனி, மசாலா தனி. அவர்கள் இருவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் வெள்ளிக்கிழமை அவர் அலுத்துப்போய், அப்படி என்னதான் நடந்தது என்று நேராகவே கேட்டார்.

"அவுகளுக்கே தெரியும்" என்றார் அத்தா.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் மாமா.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. டீ கிளாஸ்களை வைத்துவிட்டு நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. பரோட்டாக் கல் அத்தாவுக்கு, சால்னா அண்டா மாமாவுக்கு என்று பிரித்துவிட்டு அவர் பைக்கை எடுத்தார்.

அப்புறம் ரோட்டுக்கு இங்கிட்டு ஒரு கடை, அங்கிட்டு ஒரு கடை. சாப்பிடுகிறவர்கள் இங்கே பரோட்டாவைக் கட்டிக்கொண்டு அங்கே போய் சால்னா வாங்கினார்கள். எட்டு மாதத்தில் அத்தாவின் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கடையை மூடினார். மாமா பார்க்க வரவில்லை, இவரும் கூப்பிடவில்லை.

கடையைப் பிரித்த அன்று, கல்லைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். முன் சீட்டில் நான் அத்தாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, மாமா அன்னைக்கு வேற எதுவும் சொல்லலயா?"

போண்டா விஷயம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்லத்தா. அம்புட்டுத்தான்."

அத்தா தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார். தப்பித்தேன் என்று நான் மூச்சு விட்டேன். மாமாவிடம் திரும்பிப் போவதற்கு அவர் என்னிடம் ஒரு சாக்குக் கேட்டார் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.