இரண்டு ஐம்பதும் ஒரு முந்திரி மூட்டையும்

கூரியர்காரர் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. அவர் எடுத்துப்போக வேண்டிய பெட்டியில் ஒரு புது லென்ஸ் இருந்தது. அது மங்கலாகப் படம் எடுக்கிறது, திருப்பி அனுப்பலாம் என்று அறிக்கை கொடுத்தவள் நான். மூன்றரை மணிக்கு அந்த அறிக்கை தவறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தூத்துக்குடியில், கப்பல் சரக்கின் சேதத்தைப் பார்த்துச் சான்று கொடுக்கும் ஒரு சர்வே அலுவலகத்தில் போட்டோ எடுப்பது என் வேலை. கன்டெய்னரைத் திறக்கும்போது சீல் நம்பர், மூட்டையின் மேல் எழுத்து, ஈரக்கறை, கிழிசல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

1. பழையதும் புதியதும்

எங்களிடம் இருந்தது பழைய மாடல் 50 எம்.எம். லென்ஸ், 1.8 அபெர்ச்சர். குடோனுக்குள் வெளிச்சம் குறைவு. பிளாஷ் அடித்தால் சீலின் எழுத்து பளிச்சென்று வெள்ளையாகிவிடும். அதனால் வெளிச்சம் நுழையும் வாயை 1.8-இல் அகலத் திறந்து வைத்துத்தான் எடுப்போம். பழையதில் கேமராவோடு பொருந்தும் மவுன்ட் பிளாஸ்டிக். போகஸ் ஆகும்போது கிர்ரென்று சத்தம் போடும். நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் போனால் போகஸ் ஆகாது. புது மாடலும் அதே 50, அதே 1.8தான். ஆனால் மெட்டல் மவுன்ட், சத்தமில்லாத மோட்டார், முப்பத்தைந்து சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம். சீல் எடுப்பவர்களுக்கு இந்தப் பத்து சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

மேனேஜர் தங்கதுரை அண்ணாச்சி சாம்பிளுக்கு ஒன்று வரவழைத்திருந்தார். நல்லதென்றால் போட்டோ எடுக்கும் நாலு பேருக்கும் வாங்குவது, இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிட்டுப் பழைய மாடலையே தேடிப் பிடிப்பது என்று திட்டம்.

"ரெண்டையும் ஒரே மூட்டைல வச்சு எடுத்துப் பாரு ஜெபா. கத எழுதாத, ஒரு பக்கம் போதும். புதுசுல வெரல் பட்டுராம பாத்துக்கோ. திருப்பி அனுப்புததுன்னா கை படாம இருக்கணும்."

என்னைவிட மூத்த போட்டோகிராபர் பேச்சிமுத்து அண்ணன் பழைய லென்ஸின் பக்கம். "பழசு சத்தம் போடும் தங்கச்சி, ஆனா ஏமாத்தாது. எங்க வீட்டுக்காரி மாதிரி" என்றார்.

நான் பிரசவ விடுப்பு முடிந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என்னைத் திரும்ப எடுப்பதா என்று அலுவலகத்தில் பேச்சு நடந்தது எனக்குத் தெரியும். "கைப்பிள்ளைக்காரிக்குக் கவனம் வேலைல இருக்குமா?" என்று அண்ணாச்சியே கேட்டிருந்தார். ஆகவே இந்தச் சோதனையில் ஒரு தப்பும் வரக் கூடாது என்று இருந்தேன்.

2. சோதனை

பழைய லென்ஸ் காலையிலிருந்து கேமராவோடு வெளியில் என் தோளில் கிடந்தது. புதியது அண்ணாச்சியின் ஏ.சி. அறையில், பீரோவுக்குள் இருந்தது. உப்புக் காற்றில் பூஞ்சை பிடிக்கும் என்று அங்கே வைப்பது வழக்கம். குடோன் இரண்டு நிமிட நடை.

முந்திரிக்கொட்டை மூட்டை ஒன்றை நிறுத்தி, டிரைபாட் போட்டு, முதலில் பழையதில் பன்னிரண்டு படம். பிறகு புதியதை எடுத்து வந்து மாட்டிப் பன்னிரண்டு படம். எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு: முதலில் எடுத்த படத்தையே கடைசியிலும் ஒருமுறை எடுக்க வேண்டும். இடையில் சரக்கை யாரும் தொடவில்லை என்பதற்கு அது சாட்சி.

பத்தாவது படத்தில் போன் அடித்தது. மில்லர்புரத்திலிருந்து அத்தை, என் கணவரின் அம்மா. எடுக்கவில்லை. பதினொன்றில் மறுபடி அடித்தது. பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

"ஏளா, எத்தன தடவ அடிக்கது? பிள்ளைக்கு மேலு காயுது. அம்மா அம்மான்னு அழுதா."

"இந்தா வாரேன் அத்தை."

மறுநாள் காலை, காய்ச்சல் இறங்கிய பிள்ளையை விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். நியாயமாக இருக்க வேண்டும் என்று, பழையதின் முதல் படத்தையும் புதியதின் முதல் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். பழையதில் எழுத்து தெளிவு. புதியதில் எழுத்தைச் சுற்றிப் பால் ஊற்றியதுபோல் மங்கல். அதையே எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி படித்துவிட்டுக் கூரியருக்குச் சொன்னார்.

3. மூன்றரை மணி

அன்று மதியம் வேறொரு சர்வேயின் படங்களுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கன்டெய்னர் கூரையில் உள்பக்கம் நீர்த்துளிகள். கீழே மூட்டைகளில் கறை. 'கன்டெய்னர் ஸ்வெட்' என்போம். குளிர்ந்த தகரத்தில் ஈரக்காற்று பட்டு வேர்ப்பது. எங்கள் பிழைப்பில் பாதி இந்த வேர்வைதான். அந்த வார்த்தையை அடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

புதிய லென்ஸின் பன்னிரண்டு படங்களையும் வரிசையாகத் திறந்தேன். முதல் படம் பால். ஐந்தாவதில் பால் குறைவு. பன்னிரண்டாவதில் சணல் நார் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஏ.சி.யிலிருந்து வந்த கண்ணாடிக்கு வேர்த்திருக்கிறது; சூடு ஏற ஏறத் தானாகக் காய்ந்திருக்கிறது. விரல் படக் கூடாது என்று அதன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் கைப்பிள்ளைக்காரி என்ற பேச்சு மறுபடி வரும். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு புதியதின் முதல் படத்தையும் பன்னிரண்டாவதையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி அறைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, கூரியர நிறுத்துங்க. நான் எழுதுனது தப்பு. லென்ஸ் வேர்த்திருக்கு."

அவர் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஊர்ல உள்ள கன்டெய்னருக்கெல்லாம் வேர்த்துட்டுன்னு சர்டிபிகேட் குடுக்கோம். நம்ம பீரோவுல இருந்தது வேர்த்தது தெரியலயாக்கும்?"

படங்களை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவசரமா?"

"ஆமா. பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்ல இருந்து போன் வந்துட்டே இருந்துச்சு."

"அப்பறம் இந்தக் கடேசிப் படத்த எப்பம் எடுத்த?"

"போன் அடிக்கும்போதே எடுத்தேன்."

அண்ணாச்சி பெட்டியின் டேப்பைப் பிரித்தார். "நாளைக்கு ரெண்டையும் அர மணி நேரம் குடோன்ல போட்டு வச்சிட்டு எடு. இந்தத் தப்பான அறிக்கையக் கிழிக்காத. பைல்ல இருக்கட்டும்."

மறுநாள் எடுத்ததில் நடுப்பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் காண முடியவில்லை. ஓரங்களில் புதியது கொஞ்சம் தெளிவு. கிட்டே போவதில் புதியதே மேல். ஒரு குறை: கேமரா தானாக அணைந்து தூங்கிவிட்டால் புதியதின் போகஸ் வளையத்தைத் திருப்பினாலும் வேலை செய்யாது. அதையும் எழுதினேன். நாலு வாங்கினார்கள். பேச்சிமுத்து அண்ணன் மட்டும் பழையதை விடவில்லை. "ஒங்க லென்ஸ் வேர்த்துச்சுன்னா சொல்லுங்க, விசிறி கொண்டு வாரேன்" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஏ.சி.யிலிருந்து எடுத்த லென்ஸை அரை மணி நேரம் வெளியில் வைத்துச் சூட்டுக்குப் பழகவிடுங்கள். முதல் படத்தை நம்பி எதையும் எழுதாதீர்கள். கடைசிப் படத்தை எடுக்காமல் கிளம்பாதீர்கள்.

மூன்றாவதை எழுதும்போது மட்டும் எனக்குக் கை தயங்குகிறது. அந்தப் பன்னிரண்டாவது படம்தான் என் வேலையைக் காப்பாற்றியது. அதை எடுத்தபோது என் பிள்ளை அம்மா அம்மா என்று அழுதுகொண்டிருந்தாள்.