ஒரு ரவுண்டு

துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்ற, பண்டமாரானில் மூன்று லோரி வைத்திருக்கிறேன். காப்பார் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று, யார் காலையும் பிடிக்காமல் மேலே வந்தவன். இதை எல்லாரிடமும் சொல்லுவேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பதை மட்டும் சொன்னதில்லை.

மகள் ஏழு மாத நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். ஊசி போட நான்தான் தூக்கிப் போனேன். எவ்வளவு நடக்க விடலாம் என்று கேட்டதற்குச் சீன மிருக டாக்டரம்மா மலாய் மொழியில், காலையில் ஒரு ரவுண்டு, மாலையில் ஒரு ரவுண்டு போதும் என்று சொல்லி ஆங்கிலத்தில் ஒரு தாளும் கொடுத்தார். படிப்பதுபோல் மேலும் கீழும் பார்த்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

லோரிக்காரனுக்கு ஒரு ரவுண்டு என்றால் துறைமுகம் வரை போய்த் திரும்புவது. நான் மோட்டார் சைக்கிளில், கயிறு கையில். குட்டி பக்கத்தில் ஓடியது. இரண்டு வேளையும்.

காப்பிக் கடையில் பீற்றிக்கொண்டேன். "நம்ம நாய் போர்ட் வரைக்கும் ஓடும், தெரியுமா?"

"அண்ணே, அது நாயா, உங்க நாலாவது லோரியா?" என்றார் கடைக்காரர். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

மூன்றாவது வாரம் அது பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது. சோம்பேறி என்று கயிற்றை இழுத்தேன். எழுந்து நொண்டிக்கொண்டே வந்தது. வீட்டில் மகள்தான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"டாக்டர் பேப்பர் எங்கப்பா?"

எடுத்துக் கொடுத்தேன். அவள் சத்தமாகத் தமிழில் சொன்னாள்: எலும்பு இன்னும் முற்றவில்லை, வீட்டருகே உள்ள திடலை ஒரு சுற்று, பதினைந்து நிமிடம், மெதுவாக. ஓடவிடக் கூடாது.

"இத்தன நாள் பையிலயே வச்சிருந்தீங்களே, படிக்கலியா?"

"கண்ணாடி இல்லம்மா" என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், குனிந்து குட்டியின் பாதத்துக்குக் கட்டுப்போட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் லோரியைப் பார்க்கப் போக மோட்டார் சைக்கிளை முடுக்கினேன். கட்டுப்போட்ட காலைத் தூக்கிக்கொண்டு, குட்டி மூன்று காலில் வாசலுக்கு வந்து நின்றது, ஓடத் தயாராக. வாலையும் ஆட்டியது.

இஞ்சினை நிறுத்தினேன். உள்ளே போய் மகளிடம், "எனக்கு ஆங்கிலம் படிக்க வராதும்மா. அந்தத் தாள இன்னொரு தரம் சொல்லு" என்றேன்.